ஊர் கேட்காத படம்

இலங்கையின் மலை ரயில் பாதையில் பட்டிப்பொல தாண்டியதும் ஒரு சுரங்கம். இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. ஒஹியா, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, ஹாலி-எல என்று இறங்கிக்கொண்டே போகும் பாதை, 1924இல் தொட்ட பதுளையோடு முடிந்துவிடுகிறது. வழி நெடுகத் தேயிலை. தேயிலைக்கு நடுவே லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். லயத்துத் தகரத்தின் மேல் டிஷ். அதைத் தமிழ்ச் சேனல்களுக்காகத்தான் வாங்கியிருப்பார்கள். ஆனாலும் சிங்களச் சேனலில் ஓடும் இந்திப் படத்தை, ஒரு வார்த்தை இந்தி தெரியாமலே உட்கார்ந்து பார்ப்பவர்கள் உண்டு. இந்திப் படத்தின் வெளிநாட்டு ரசிகர் என்றால் ரஷ்யாவில் ராஜ் கபூரைக் கொண்டாடியவர்களைச் சொல்வார்கள், ஜெர்மனியில் ஷாருக் கானுக்குக் காத்திருப்பவர்களைச் சொல்வார்கள். பசறை, லுணுகலைத் தோட்டத்து ஆட்களை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1911 முதல் குடிசன மதிப்பீடு அவர்களை ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாக எழுதி வந்ததால், இந்தியப் படம் அவர்களுக்குச் சொந்த வீட்டுச் சங்கதி என்று ஒரு நினைப்பு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இந்தியாவிலிருந்து வருகிறவற்றில் இந்திப் படம் ஒன்றுதான் அவர்கள்மேல் எந்த உரிமையும் கொண்டாடாமல் வருகிறது. அதனால்தான் அது இனிக்கிறது.

அந்த உரிமை எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு பாட்டே சாட்சி. 1998இல் மணிரத்னம் எடுத்த ‘தில் சே’யில், ஓடும் ரயிலின் கூரைமேல் ஷாருக் கானும் மலைகா அரோராவும் ஆடுகிறார்கள். ரஹ்மானின் தாளம் சக்கரச் சத்தத்தோடு கூடிக்கொள்ள, சிவப்புச் சட்டை மலைச்சரிவின் பச்சையை வெட்டிக்கொண்டு போகிறது. சந்தோஷ் சிவனின் கேமரா வளைவுக்கு வளைவு ரயிலோடு சாய்கிறது. கதைப்படி இடம் இந்தியாவின் வடகிழக்கு. படம் பிடித்ததோ நீலகிரி மலை ரயிலில். அந்த மலைக்கு இங்கே வேறொரு கதை உண்டு. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். அந்தப் பயணத்துக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர். போனவர்களில் கணிசமானோர் கொண்டுசேர்க்கப்பட்டது கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம், தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களுக்கு. ஊவாவிலிருந்து பார்க்கும்போது அந்தப் பாட்டின் பின்னணி, சொந்தக்காரர்கள் அனுப்பிவைக்கப்பட்ட மலை. இதே நீலகிரி ஒரு தமிழ்ப் படத்தில் வந்தால் மனம் உடனே யாரையாவது தேடும். இந்திப் பாட்டில் அது வேறெங்கோ உள்ள மலையாகிவிடுவதால் ஆட்டத்தை ஆட்டமாகவே பார்க்க முடிகிறது.

‘மொழி தெரியாமல் என்ன ரசனை?’ என்பது நியாயமான கேள்விதான். வசனத்தில் இழப்பு நிச்சயம் உண்டு. ஆனால் கதை ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கிறது: ‘டான்’ ‘பில்லா’வாகவும், ‘தீவார்’ ‘தீ’யாகவும், ‘யாதோங் கீ பாராத்’ எம்.ஜி.ஆரின் ‘நாளை நமதே’யாகவும். ரஜினி வழியாகக் கதையை அறிந்தவருக்கு, பிறகு அமிதாப்பைப் பார்க்கும்போது அகராதி தேவைப்படாது. நடையும் கோபமும்தான் புதிது. பாட்டைப் பொறுத்தமட்டில் இன்னொரு சங்கதி. 1952இல் மத்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தபோது, இந்தியர்கள் தங்கள் பாட்டைக் கேட்க ரேடியோ சிலோன் பக்கம் திரும்பினார்கள். அமீன் சயானி பம்பாயில் பதிவுசெய்த ‘பினாகா கீத்மாலா’ கொழும்புக்கு வந்து, கொழும்பிலிருந்து இந்தியாவுக்குப் போயிற்று. இந்திப் பாட்டு இந்தியரின் தனிச்சொத்து என்று வாதிடுகிறவர் இந்த வழியை மறந்துவிடக் கூடாது.

பதுளை டவுனில் இந்திப் பாட்டுக்குத் தமிழரைவிடச் சிங்களவரிடம் ரசிகர் கூட்டம் அதிகம் என்றுகூடச் சொல்லலாம். 1955இல் வந்த ‘செட சுளங்’ படத்துக்காக லதா மங்கேஷ்கரே சிங்களத்தில் பாடியிருக்கிறார். இந்தி மெட்டில் பிறந்த சிங்களப் பாட்டுகளுக்கோ கணக்கில்லை. இந்தி இங்கே இருவருக்குமே தாய்மொழி இல்லை. யாருக்கு அதிகம் புரிகிறது என்று பார்த்து யாரும் உயர்ந்துவிட முடியாது. மொழியை வைத்தே இவ்வளவு சண்டை போட்ட நாட்டில் இது சின்ன ஆறுதலில்லை. உடனே ஒருவர் கேட்பார்: ஒரே பாட்டை முணுமுணுத்த ஊர்தானே 1983 ஜூலை இனக்கலவரத்தில் எரிந்தது? எரிந்தது. பாட்டு தடுக்கவில்லை, தடுக்கும் என்று நான் சொல்ல வரவுமில்லை. ரசனைக்குச் சமாதானக் குழு வேலையைக் கொடுத்துவிட்டு அது தோற்றது என்று தீர்ப்பெழுதுவது வீண் வழக்கு.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் தேயிலையைப் பற்றியது. இந்திப் படத்தில் தேயிலை மலை வருவது காதலுக்காக. நாயகனும் நாயகியும் செடிகளுக்கு நடுவே ஓடுவார்கள். கூடை சுமந்த பெண்கள் வந்தால் கோரஸ் பாடிவிட்டுப் போவார்கள். நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தவருக்குத் தெரியும், கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சி காலைக் கிழிக்கும், மழைக்கு அட்டை ஏறும், இடுப்பில் படங்குத் துணி கட்டாமல் உள்ளே இறங்க முடியாது என்று. அந்த ஓட்டத்தைப் பார்த்துத் தோட்டத்தில் சிரிப்புத்தான் வரும், அந்தச் சிரிப்பும் ரசனையில் சேர்த்திதான். பம்பாய்க்காரர் தோட்டத்தை ஒழுங்காகக் காட்டவில்லை என்று அவரிடம் மனுக் கொடுப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த வேலை இங்கேயே தொடங்கியிருந்தது: 1975இல் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ தோட்ட வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதை எழுதியவர் இதே ஹாலி-எலப் பக்கம் பிறந்து, பதுளைத் தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப். அந்த வரிசையில் அடுத்து எத்தனை படம் வந்தது என்று கேட்க வேண்டிய இடம் கொழும்பு, பம்பாய் அல்ல.