மானிப்பாய் மருத்துவர் கற்பித்த பாடம்

யாழ்ப்பாண நகரிலிருந்து ஆனைக்கோட்டை வழியாக ஏறக்குறைய நான்கு மைல் சென்றால் மானிப்பாயை அடையலாம். பனங்கூடல்களும் வேலியடைத்த வளவுகளும் சூழ்ந்த பழைய ஊர் அது. மருதடி விநாயகரைத் தரிசிக்க வருவோர், அதே ஊரிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையையும் பார்த்துச் செல்லுதல் நன்று. அப்பெயருக்குரிய மருத்துவரின் வாழ்க்கை, இன்று நம் குடும்பங்களில் எழும் ஒரு வினாவுக்கு விடை தருவதாக இருக்கின்றது.

பிள்ளை வைத்தியராவதே பெரும் பேறு என்று கருதுவது நம்மவர் இயல்பு. அங்ஙனம் வைத்தியரானவர், நாற்பது வயதில், "இரவு பகலாக நோயாளரைப் பார்த்தது போதும், இனிச் சில மணி நேரம் கற்பித்து, மிகுந்த நேரம் பிள்ளைகளோடு வாழ்வேன்" என்று சொன்னால் உறவினர் முகஞ் சுளிப்பர். ஆனால், பணியால் உண்டாகும் சோர்வு கற்பனையன்று. 2019ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம், அது நோயன்றாயினும் தொழிலால் விளையும் ஒரு நிலையே என்று தனது நோய் வகைப்பாட்டிற் குறித்துள்ளது. எனினும், வைத்தியர் விலகினால் வாயிலிற் காத்திருக்கும் நோயாளியை யார் பார்ப்பது? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டை விட்டுச் சென்றபொழுது, இவ்வினாவின் கூர்மையை நாம் உணர்ந்தோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் வூஸ்ரர் நகரிற் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று, 1847இல், தமது இருபத்தைந்தாம் வயதில், அமெரிக்க மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டில் மானிப்பாயைத் தமது இருப்பிடமாகக் கொண்டார். நோயாளர் கூட்டம் ஒருபுறம் பெருகியது. அவரோ, தாம் ஒருவரே எல்லோரையும் பார்த்துத் தீர்த்துவிடலாம் என்று எண்ணினாரல்லர். வந்த சில காலத்திலேயே நம்மூர் இளைஞரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

பத்தாண்டு உழைப்பில் உடல் தளர்ந்தது. தாயகஞ் சென்று இளைப்பாறி, 1862இல் மனைவியுடன் மீண்டும் வந்தார். இம்முறை தமிழிலேயே மருத்துவங் கற்பிக்கத் துணிந்தார். அதற்கு நூல்கள் வேண்டுமே! 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம் எனப் பெரு நூல்கள் தமிழில் வெளிவந்தன. உடலின் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழிலே பெயர் தேடியும் ஆக்கியும் தந்த அவ்வுழைப்பு, மாணாக்கரின் துணையின்றி முற்றுப்பெற்றிராது. மாணாக்கர் தம் உடையையும் உணவையும் விடாது தமிழராகவே வாழவேண்டும் என்பது அவர் விருப்பம். அவருடைய சமயப் பணியை ஏலாதவரும் இதனைப் போற்றுவர்.

1873இல், உடல் நலங் குன்றியமையால், மனைவி மக்களுடன் யாழ்ப்பாணத்தை விட்டே நீங்கினார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பது. வூஸ்ரரில் 'கிறீன் ஹில்' என்னும் குடும்பப் பண்ணையிலே அமைதியான வாழ்வை மேற்கொண்டார். ஆயினும் தமிழை அவர் விடவில்லை. கெமிஸ்தம் 1875இலும் மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. நோயாளர் நெருக்கத்திலிருந்து விலகிய அந்த ஓய்வே இவ்வுழைப்புக்கு இடங்கொடுத்தது. 1884இல் அவர் காலமானார். அவருடைய பண்ணை இன்று அந்நகர மக்கள் உலாவும் பூங்காவாக விளங்குகின்றது.

அவர் புறப்பட்டபொழுது மானிப்பாய் அநாதையாகிவிட்டதா? இல்லை. அவரிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்டோர் இருந்தனர். அவர்கள் கையில் தமிழ் நூல்கள் இருந்தன. ஒருவர் விட்ட பணியைப் பலர் ஏற்று நடத்தினர்.

ஆகவே, விலகுவது குற்றமா என்று மட்டும் கேட்பது போதாது. விலகுமுன் யாரை ஆயத்தஞ் செய்தோம் என்பதும் கேட்கத்தக்கது. இந்த இரண்டாம் வினாவுக்கு விடை வைத்திருக்கும் வைத்தியரை நாம் மனமுவந்து வழியனுப்பலாம். விடை வைத்திராதவரையும் ஏசுதல் முறையன்று. ஒரே மனிதர் தோளில் ஓர் ஊரின் நோய் முழுவதையும் ஏற்றிவைத்து, அவர் களைப்பையுங் காணாதிருந்த நமக்கும் அதிற் பங்குண்டு. மருத்துவம் பயில விரும்பும் மாணவர், பரீட்சைப் புள்ளிகளை எண்ணும்பொழுது, மானிப்பாயின் இந்தப் பாடத்தையும் எண்ணிக்கொள்வாராக.