மலைக்கென்று ஒரு கேக்

அப்பா இருந்தவரை, ஒவ்வோர் ஆண்டும் சித்திரை பிறக்கும் வாரத்தில் கேமரன் மலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு பிஸ்கட் டின் வரும். மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் தெரிந்தவர் யாராவது அதை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். உள்ளே அத்தை செய்த ஸ்ட்ராபெர்ரி கேக். மூன்று அடுக்கு, நடுவிலும் மேலேயும் இளஞ்சிவப்பு ஐசிங். அத்தை தொலைபேசியில் அப்படித்தான் சொல்வார். நாங்கள் மூடியைத் திறக்கும்போது அடுக்கும் இருக்காது, ஐசிங்கும் இருக்காது. கோலாலம்பூர் வெயிலில் எல்லாம் இளகிக் குழைந்து கிடக்கும். அப்பா கவலையே பட மாட்டார். ஒரு கரண்டியை எடுத்து வந்து, கிண்ணங்களில் அள்ளிப் போட்டு எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரும் சாப்பிடுவார்.

"இது மலையில உக்காந்து சாப்பிடுற கேக்கும்மா. கீழ இறங்குனா அதுக்கு ஒத்துக்காது" என்பார்.

அப்பா போன பிறகு டின் வருவதும் நின்றுவிட்டது. இந்த ஆண்டு நானே செய்து பார்ப்போம் என்று துணிந்தேன். அத்தையைத் தொலைபேசியில் அழைத்து, அளவுகளை எழுதிக்கொண்டு, அடுக்குமாடி வீட்டின் சின்ன அடுப்பறையில் மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் கேக் எழும்பவே இல்லை. செங்கல்லைப் போல் கனத்துக் கிடந்தது. காலை நிகழ்ச்சியில் தினமும் ஆயிரம் பேரிடம் சளைக்காமல் பேசுகிறவள் நான். என் அடுப்பு மட்டும் நான் சொல்வதைக் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் அண்ணன் ஒரு செய்தி சொன்னார். அத்தை மார்ச் மாதக் கடைசியில் மலையை விட்டு இறங்கி, கிள்ளானில் மகன் வீட்டோடு இருக்கப் போகிறாராம். வயது 74. மூட்டுவலி. படியேற முடியவில்லை. நான் அடுத்த சனிக்கிழமைக்கே விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

மேலே போகும் வழி

கோலாலம்பூரிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையில் போய்த் தாப்பாவில் வெளியேறினால், அங்கிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தூரம் குறைவுதான், ஆனால் அந்தப் பாதையில் நேராக ஓட்டும் இடம் என்று எதுவுமே இல்லை. வயிறு குமட்டும் பிள்ளைகள் இருந்தால் முன் இருக்கையில் உட்கார வையுங்கள். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சிக்கு அருகில் ஒருமுறை நிறுத்திக் கால் நீட்டிக்கொள்ளலாம். வழியில் ஒராங் அஸ்லி மக்கள் பெத்தாயும் தேனும் வைத்து விற்பார்கள்.

ரிங்லெட் வந்ததும் கண்ணாடியை இறக்கினேன். குளிர் முகத்தில் பட்டது. முன்பு போல் குளிர் இல்லை என்று மலைவாசிகள் எல்லோரும் குறைபட்டுக்கொள்வார்கள். கீழேயிருந்து வருகிறவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இந்த மலைக்குப் பெயர் கொடுத்த வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இங்கு வந்தது 1885-ல். தேயிலை வந்தது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. 1929-ல் தொடங்கிய போ தோட்டம்தான் இங்கே பெயர் பெற்றது. அந்தச் சரிவுகளை வெட்டித் திருத்திக் கொழுந்து பறித்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் தாத்தாவும் பாட்டியும் அவர்களில் இருவர்.

தானா ராத்தாவில் அத்தையின் வீடு. வாசலில் கால் வைத்ததும் வழக்கமான கேள்வி.

"பசியாறிட்டியா?"

"ஆச்சு அத்தை."

"பொய் சொல்றா பாரு. உள்ள வா."

பழம் பறிக்கும் பாடம்

தோசை சாப்பிட்ட கையோடு, அத்தை என்னைப் பக்கத்திலிருந்த ஒரு ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்துக்கு அனுப்பினார். வருகிறவர்களே பறித்துக்கொள்ளும் தோட்டம். மேலே பிளாஸ்டிக் கூரை, இடுப்பு உயரத்தில் வரிசை வரிசையாகத் தேங்காய் நார்த்தூள் பைகள், ஒவ்வொன்றுக்கும் சொட்டு நீர்க் குழாய். இங்கே கோடை, குளிர் என்று பருவம் மாறுவதில்லை. ஆண்டு முழுவதும் இரவு குளிர்ந்திருப்பதால் செடி ஒரு பக்கம் பூக்கும், ஒரு பக்கம் காய்க்கும், ஒரு பக்கம் பழுக்கும். வசந்த காலம் என்ற ஒன்றே இல்லாத நாட்டில், ஆண்டெல்லாம் வசந்தமாக இருக்கும் ஓர் இடம்.

அத்தை சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். "காம்பு வரைக்கும் செவந்திருக்கணும். தோள் வெள்ளையா இருந்தா தொடாத." வாழையும் மாம்பழமும் பறித்த பிறகும் பழுக்கும். ஸ்ட்ராபெர்ரி அப்படியல்ல. பறித்த பிறகு நிறம் கொஞ்சம் கூடலாம், இனிப்பு கூடாது. செடியில் எப்படி இருந்ததோ அப்படித்தான்.

நம் மலைப் பழம் பொதுவாகப் புளிக்கும். வெளிநாட்டுப் பழம் தின்று பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள். கேக்குக்கு அந்தப் புளிப்புதான் வேண்டும். ஐசிங்கில் சேரும் அத்தனை சீனியையும் சமாளிக்க வேறு வழியில்லை.

பால் டின் கணக்கு

அத்தையிடம் தராசு கிடையாது. பழைய சின்னப் பால் டின் ஒன்று இருக்கிறது. பாட்டி காலத்து டின், விளிம்பெல்லாம் மழுங்கிப் போனது. தலைதட்டி ஒன்றரை டின் மாவு, ஒரு டின் சீனி. நான் என் தராசைக் கொண்டு போயிருந்தேன். நிறுத்துப் பார்த்தால் மாவும் 250 கிராம், சீனியும் 250 கிராம். வெண்ணெய்க் கட்டியும் 250. ஐந்து முட்டை. எழுத்துக்கூட்டத் தெரியாத என் பாட்டி, ஒரு பால் டின்னை வைத்துக்கொண்டு மூன்றையும் சமமாக நிறுத்தியிருக்கிறார்.

அடுத்தது பேக்கிங் பவுடர். அத்தை ஒரு தேக்கரண்டி போட்டார். மேலே ஒரு சிட்டிகை. அவ்வளவுதான்.

"அத்தை, நான் படிச்ச இடத்துல எல்லாம் இந்த மாவுக்கு ரெண்டு கரண்டின்னு இருக்கு."

"ரெண்டு போட்டா நடுவுல குழி விழுந்துரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கேக் மாவுக்குள் உண்டாகும் காற்றுக் குமிழிகளை அழுத்திப் பிடிக்க மேலே போதிய பாரம் இல்லாததால், அவை வேகமாகப் பெருத்துவிடும். மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே குமிழிகள் உடைந்து, கேக் நடுவில் அமிழ்ந்துவிடும். அதனால் மலையில் பேக்கிங் பவுடரைக் குறைக்க வேண்டும், அடுப்பின் சூட்டையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். அத்தை சொன்ன அளவு மலைக்கான அளவு. நான் அதைக் கொண்டுபோய்க் கோலாலம்பூரில் போட்டேன். எழும்பாமல் படுத்துக்கொண்டது.

"இது யார் கண்டுபிடிச்சது அத்தை?"

"உங்க பாட்டிதான்."

பங்களா சமையற்கட்டு

பாட்டி முதலில் கொழுந்து பறித்தார். பிறகு துரை பங்களாவின் சமையற்கட்டில் கைவேலைக்குப் போனார். 1950களின் கடைசி அது. ஈஸ்டர் வரும் மாதத்தில் துரைசாணிக்கு ஊர் நினைப்பு வந்துவிடுமாம். இங்கிலாந்தில் அது வசந்த காலம். பங்களாத் தோட்டத்தில் இரண்டு பாத்தி ஸ்ட்ராபெர்ரி போட்டிருந்தார். புத்தகத்தைப் பார்த்து அடுக்கு கேக் செய்வார். ஒவ்வொரு முறையும் நடுவில் குழி விழும். குழி விழுந்த கேக்கைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம்.

நாலைந்து தடவை இதைப் பார்த்த பாட்டி, ஒருநாள் கேட்காமலே மாவில் அந்த வெள்ளைத் தூளைப் பாதியாக்கிவிட்டார். அன்று கேக் எழும்பியது. அன்று முதல் அந்த வீட்டில் பாட்டிதான் கேக் செய்தார். விருந்துக்கு வந்தவர்களிடம் துரைசாணி அதைத் தன் கேக் என்றே சொல்லிக்கொண்டார்.

அத்தை இதைச் சொல்லிக்கொண்டே மூன்று தட்டையும் அடுப்பிலிருந்து எடுத்தார். 180 டிகிரியில் 25 நிமிடம். ஆறியதும் பார்த்தேன், ஒவ்வோர் அடுக்கும் நடுவில் லேசாகக் குவிந்திருந்தது. நான் காணொளிகளில் கற்றவள் அல்லவா? ரம்பக் கத்தியை எடுத்து, மேல் குவியலைச் சீவிச் சமமாக்கப் போனேன். அத்தை என் கையைப் பிடித்துவிட்டார்.

"வெட்டாத."

"சமமா இருக்கணும்ல அத்தை?"

"பங்களாவுல அப்படித்தான் சீவுவாங்க. அந்தச் சீவுனதைத்தான் பாட்டிக்குக் கொடுப்பாங்க. முந்தானையில முடிஞ்சு லயத்துக்குக் கொண்டு வரும். நானும் உங்க அப்பாவும் வாசல்லயே நிப்போம். நாங்க அந்தக் கேக்கோட உச்சிய மட்டுந்தான் தின்னுருக்கோம். முழுசா ஒரு துண்டு, அடுக்கும் ஐசிங்குமா, கண்ணால பார்த்தது இல்ல."

துரை குடும்பம் ஊருக்குப் போன பிறகு, ஒரு சித்திரைக்குப் பாட்டி தன் காசில் வெண்ணெய் வாங்கி, மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் தகரப் பெட்டி வைத்து, முதல் முறையாகத் தன் பிள்ளைகளுக்காக அந்தக் கேக்கைச் செய்தார். அதில் எதையும் சீவவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு கேக்கில் சீவுவது இல்லை.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அத்தை கீழ் அடுக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார். குவிந்த பக்கம் கீழே போயிற்று. "பார்த்தியா, இப்ப சமம்" என்றார்.

ஐசிங் நிற்கும் ஊர்

400 கிராம் பழத்தை நசுக்கி, மூன்று மேசைக்கரண்டி சீனியும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, சின்ன நெருப்பில் மூன்றில் ஒரு பங்காக வற்ற வைத்தோம். ஸ்ட்ராபெர்ரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். பச்சைச் சாற்றை அப்படியே வெண்ணெயில் ஊற்றினால் திரிந்துபோகும். வற்ற வைத்து, நன்றாக ஆற வைத்து, 250 கிராம் வெண்ணெயும் 400 கிராம் ஐசிங் சீனியும் அடித்த கலவையில் கரண்டி கரண்டியாகச் சேர்த்தோம். நிறச்சாயம் ஒரு சொட்டும் இல்லை. காலை வெயில் பட்ட மேகம் மாதிரி ஒரு வெளிர் சிவப்பு.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சன்னல் திறந்திருந்தது. அத்தை பூசிய ஐசிங் பூசிய இடத்தில் நின்றது. கத்தியின் தடம்கூட அழியவில்லை. முப்பது ஆண்டுகளாகக் கிண்ணத்தில் கரண்டியால் தின்ற கேக்கை அன்றுதான் முழு உருவத்தில் பார்த்தேன். கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தேன். மூன்று அடுக்கும் தெரிந்தது. அப்பா இதைப் பார்த்திருப்பார். அவர் வளர்ந்தது இங்கேதானே. அதனால்தான் உருகியதைப் பார்த்து வருத்தப்படவில்லை.

கைப்பேசியில் அத்தையின் குரலை ஒன்றரை மணிநேரம் பதிவு செய்துகொண்டேன். தொழில் புத்தி. கிளம்பும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: கிள்ளானில் பேக்கிங் பவுடர் இரண்டு கரண்டி, அடுப்பு 170 டிகிரி. ஐசிங்குக்கு வெண்ணெயில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த அளவுக்கு ஷார்ட்டனிங் சேர்க்க வேண்டும், அது சூட்டில் சீக்கிரம் இளகாது. குளிர்சாதன அறையில் பூச வேண்டும்.

அத்தை தாளை வாங்கிப் பால் டின்னுக்குள் மடித்து வைத்தார். "இந்த வயசுல மறுபடியும் மொதல்லேர்ந்து கத்துக்கணுமா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கண் சன்னலுக்கு வெளியே இருந்தது.

சித்திரை முதல் நாள் காலை, நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும் கைப்பேசி ஒலித்தது. கிள்ளானிலிருந்து அத்தை.

"நீ சொன்ன மாதிரி ரெண்டு கரண்டி போட்டேன். நல்லா எழும்பிருச்சு."

"ஐசிங்?"

"நிக்கல."

"ஏர்கான் போட்டுப் பூசினீங்களா அத்தை?"

"கேக்குக்கு எதுக்குடி ஏர்கான்? பேரப்பிள்ளைங்களுக்குக் கிண்ணத்துல அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். உங்க அப்பன் மாதிரியே தின்னுதுங்க."