துளைக்குள் ஒரு விளக்கு

கிடாரை மேசையில் வைத்ததும் அவர் மீட்டிப் பார்க்கவில்லை. தந்திகளைத் தளர்த்தினார். பல் மருத்துவர் வைத்திருப்பதைப் போன்ற, நீண்ட காம்புள்ள சிறு கண்ணாடி ஒன்றை எடுத்தார். மேற்பலகையில் ‘எஃப்’ எழுத்தின் வடிவில் வெட்டியிருந்த துளைக்குள் அதையும் ஒரு குட்டி விளக்கையும் நுழைத்தார். “முதலில் உள்ளே பார்க்க வேண்டும். வெளியே இருப்பதை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம்” என்றார்.

காலமசூ, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும் ஊர். அங்கே பழைய கிடார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டுப் போயிருந்தேன். கிப்சன் நிறுவனம் 1902இல் பிறந்தது இந்த ஊரில்தான். பார்சன்ஸ் தெருவில் 1917இல் கட்டிய அதன் தொழிற்சாலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1984இல் கிப்சன் இங்கே கதவை மூடிவிட்டு முழுக்க நாஷ்வில்லுக்குப் போனது. ஊரை விட்டுப் போக மனமில்லாத தொழிலாளர் சிலர் மறு ஆண்டே அதே கட்டடத்தில் ஹெரிட்டேஜ் என்ற பெயரில் கிடார் செய்யத் தொடங்கினார்கள். பட்டறைக்காரர் தொழில் கற்றது அந்தத் தலைமுறையினரிடம்.

கிடாரைக் கொண்டுவந்தவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில், இணையத்தில் பத்துப் படங்களைப் பார்த்து வாங்கியிருக்கிறார். ‘கிப்சன் ஈ.எஸ். 175, ஆண்டு 1958, எல்லாம் அசல்’ என்று விற்றவர் எழுதியிருந்தாராம். இது வீணைக் குடம் போல உள்ளே வெற்றிடம் கொண்ட மின் கிடார். 1949இல் முதலில் வந்தபோது 175 டாலருக்கு விற்றது. அந்த விலையே பெயராகிவிட்டது. ஜிம் ஹால், ஜோ பாஸ், ஹெர்ப் எல்லிஸ் ஆகிய ஜாஸ் கலைஞர்களின் கையில் இருந்த வகை. அதனால்தான் இத்தனை விலை, அதனால்தான் இத்தனை சந்தேகம்.

கண்ணாடியில் முதலில் தெரிந்தது, ஆரஞ்சு நிற நீள்வட்டக் காகிதம். அதில் ‘ஏ’ என்று தொடங்கும் வரிசை எண். பட்டறைக்காரர் அதைக் குறித்துக்கொண்டார், ஆனால் முகத்தில் நிம்மதி இல்லை. காகிதத்தைப் பிரித்து வேறு கிடாரில் ஒட்டிவிடலாம். மற்றத் துளையின் வழியாகக் கண்ணாடியைச் சாய்த்ததும், “இங்கே வாருங்கள்” என்று என்னைக் கூப்பிட்டார். பின்பலகையின் உட்புறத்தில், மங்கிய மையில், ‘டீ’ என்ற ஆங்கில எழுத்தும் சில எண்களும். பெட்டியை மூடும் முன்பே மரத்தில் குத்திய தொழிற்சாலை முத்திரை அது. 1952க்கு ‘இசட்’, 1953க்கு ‘ஒய்’ என்று அகரவரிசையில் பின்னோக்கி வந்து, 1961இல் ‘க்யூ’வில் முடியும். ‘டீ’ என்றால் 1958. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் யாரோ ஒரு தொழிலாளி அவசரத்தில் அழுத்தியிருக்கிறார். முத்திரை கொஞ்சம் கோணியிருந்தது. எனக்கு மெய் சிலிர்த்தது.

“உடம்பு 58தான். இனி ஒவ்வொன்றாகக் கேட்போம்” என்றார்.

வரிசை எண்ணை மட்டும் நம்பி ஏமாறுவோர் அதிகமாம். 1960களில் கிப்சன் ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்பக் குத்தியது. அந்தக் காலத்துக் கிடாருக்கு எண்ணோடு கழுத்தின் அகலம், தலைப்பகுதியின் சாய்வு, உலோகப் பாகங்கள் எல்லாம் சேர்ந்து சாட்சி சொன்னால்தான் ஆண்டு நிலைக்கும்.

அடுத்து, ஒலியளவையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் நான்கு குமிழ்களுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’கள். அவற்றின் முதுகில் ஆறேழு எண்கள் இருக்கும். முதல் மூன்று, செய்த நிறுவனம்: 134 என்றால் சென்ட்ராலேப், 137 என்றால் சி.டி.எஸ். பிறகு ஆண்டு, பிறகு வாரம். 134812 என்றால் 1958இன் 12ஆம் வாரம். “பாட் வந்த பிறகுதான் கிடார் முடிந்திருக்கும். அதனால் இது பிறந்தநாளைச் சொல்லாது. அதற்கு முன் பிறக்கவில்லை என்று மட்டும் சொல்லும்.” மூன்று பாட்கள் 58ஐச் சொல்லின. நான்காவது, 1377209. 1972ஆம் ஆண்டுப் பொருள். அதன் காலில் இருந்த ஈயமும் மற்றவற்றைவிடப் பளபளப்பாக இருந்தது.

பிறகு பிக்கப்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுபவை இவை. இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் ஹம்பக்கரை கிப்சனுக்காக வடிவமைத்தவர் செத் லவர். 1955இல் விண்ணப்பித்த காப்புரிமை 1959இல்தான் கிடைத்தது. இந்த மாடலில் 1957 முதல் வந்த அந்த பிக்கப்களின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்ற சிறு கறுப்பு ஒட்டி இருக்கும். இன்று அந்த ஒட்டியை மட்டும் அச்சடித்து விற்கிறார்கள். ஆகவே ஒட்டியைப் பார்த்துவிட்டு அவர் நிறுத்தவில்லை. மூடியையும் தகட்டையும் இணைக்கும் ஈயத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கழுத்துப் பக்கத்து பிக்கப்பில் ஈயம் தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தது. “இதைத் திறக்கமாட்டேன். திறந்தால் சாட்சியையே அழித்தவன் ஆவேன்.” பாலத்துப் பக்கத்து பிக்கப்பை முன்பே யாரோ திறந்திருந்தார்கள். மூடியை நெகிழ்த்தியதும் சுருள் கட்டையின் தலையில் ‘டீ’ வடிவ அச்சு தெரிந்தது. 1960களின் நடுவில் இருந்து வந்தது அது. 58இன் கிடாரில் பிறவியிலேயே இருந்திருக்க முடியாது.

கடைசியில் பட்டறை விளக்கை அணைத்து, புற ஊதா விளக்கை ஏற்றினார். பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அந்த வெளிச்சத்தில் வெளிறிய பச்சை மஞ்சளாக ஒளிர்ந்தது. கழுத்தின் முதுகில், தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒளி இல்லை. பின்னாளில் பூசிய லாக்கர். அதன் அடியில் தலைமுடி போல ஒரு கோடு. அந்தக் காலக் கிப்சனின் தலை 17 பாகை பின்னால் சாய்ந்திருக்கும். கீழே விழுந்தால் மரம் நார் ஓட்டத்தோடு பிளப்பது அங்கேதான். விற்றவர் அனுப்பிய பத்துப் படங்களில் அந்த இடம் ஒன்றில்கூட இல்லை.

சோதனைக்கு நடுவே விரல்பலகையைத் தொட்டுக் காட்டினார். பிரேசில் ஈட்டி மரம். 1992 முதல் உலகச் சந்தையில் அதன் வணிகம் தடைப்பட்டிருப்பதால், அனுமதித் தாள் இல்லாமல் இத்தகைய கிடாரை வேறு நாட்டுக்கு அனுப்ப முடியாது. “பிற்காலத்துக் கிடார்களில் உங்கள் நாட்டு மரம் இருக்கும்” என்றார். 1960களில் இருந்து அமெரிக்கத் தொழிற்சாலைகள் இந்திய ஈட்டிக்கு மாறியது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தோதகத்தி என்று நாம் சொல்லும் மரம், இந்த ஊர்க் கைகளின் கீழ் மெட்டுகளைத் தாங்கியிருக்கிறது.

“அப்படியானால் இது போலியா?” தபால்காரரின் குரல் தணிந்திருந்தது.

“போலி இல்லை. உடம்பு, கழுத்து, ஒரு பிக்கப், மூன்று பாட் அசல். ஒரு பிக்கப், ஒரு பாட் பிற்காலத்தவை. தலை பிளந்து ஒட்டியது. ஒட்டியவர் நன்றாகவே ஒட்டியிருக்கிறார். ஆனால் சந்தையில் தலை முறிந்த கிடாருக்கு ஏறத்தாழ பாதி விலைதான்.”

விற்றவரும் வேறொருவரிடம் நம்பி வாங்கியவராக இருக்கலாம். ‘எல்லாம் அசல்’ என்ற இரண்டு சொற்கள் அப்படித்தான் கைமாறிக்கொண்டே வருகின்றன. இணையத்தில் பழைய கிடார் வாங்க நினைப்பவர் பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான்: உள்ளிருக்கும் காகிதமும் முத்திரையும், பாட்களின் முதுகு, பிக்கப்பின் அடிப்பக்கம், புற ஊதா ஒளியில் கழுத்தின் பின்புறம். அசலான பொருளை வைத்திருப்பவருக்கு இந்தப் படங்களை எடுக்க அரை நாள் போதும். மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

மாலையில் அவர் எல்லாவற்றையும் பாகம் பாகமாக ஒரு தாளில் எழுதினார். மாற்றியவை, மாற்றாதவை, பிளவின் நீளம், பாட்களின் எண்கள். ஒரு பிரதியைத் தபால்காரரிடம் தந்தார். விலையில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்க அது உதவும். இன்னொரு பிரதியை மடித்து, கிடார்ப் பெட்டியின் உள்ளறையில் வைத்தார்.

“அது எதற்கு?” என்றேன்.

“நாளை இதை வாங்கப் போகிறவருக்கு.”

பிறகுதான் தந்திகளை முறுக்கி, சுருதி சேர்த்து, கிடாரை உரியவர் கையில் கொடுத்தார். அன்று முதன்முறையாக அது பேசியது.