மரக்கறியும் உடல் உரமும்

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த பழம்பதி விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்பது அதன் பழம்பெயர். பழமலைநாதர் கோயிலால் முன்னாளில் புகழ்பெற்ற இவ்வூர், இந்நாளில் பீங்கானாலும் மணிலாக்கொட்டையாலும் அறியப்படுகின்றது. மணிலாக்கொட்டை என்னும் பெயர் மக்கள் நாவில் தேய்ந்து தேய்ந்து 'மல்லாட்டை' ஆயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இவ்வூரில் உண்டு. அது வெளியிட்ட நிலக்கடலை வகைகள் 'விஆர்ஐ' என ஊர்ப்பெயரின் எழுத்துகளையே தாங்கி நிற்கின்றன.

பீங்கான் தொழிற்கூடத்தில் நண்பகல் மணி அடித்ததும், களிமண் படிந்த கைகளைக் கழுவிக்கொண்டு பெண்கள் நிழலில் அமர்வர். ஒருத்தியின் தூக்குச் சட்டியில் இருப்பன யாவை? நிறையச் சோறு, அதன்மேல் சிறிது குழம்பு, ஓரத்தில் ஊறுகாய். வயிறு நிறையும் என்பதில் ஐயமில்லை. ஆயின் உடல் நிறையுமா? மரக்கறி உணவினர் என்றால் கொள்கையால் ஊன் விலக்கியவரையே நாம் நினைக்கிறோம். புரட்டாசித் திங்களில் மட்டும் ஊன் விலக்குவாரும் உளர். இவர்களினும் மிகப் பலர், ஊன் வாங்கப் பொருளின்மையால் ஆண்டின் பெரும்பகுதி மரக்கறியே உண்பவர். இம்மூவர்க்கும் வினா ஒன்றே: உடலை வளர்க்கும் புரதம் போதிய அளவு கிடைக்குமா?

தசை, குருதி, தோல், மயிர் ஆகிய அனைத்திற்கும் புரதம் அடிப்படை. புரதமோ அமினோ அமிலங்களால் ஆயது. அவற்றுள் ஒன்பதை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது; உணவிலிருந்தே பெறல் வேண்டும். பீங்கான் செய்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. சீனக்களி, படிகக்கல், பெல்ஸ்பார் ஆகிய மூன்றும் உரிய அளவில் கலந்தால்தான் பாண்டம் சூளையில் இறுகிப் பளபளக்கும். பெல்ஸ்பார் குறைந்தவிடத்துக் களியை எவ்வளவு மிகுத்தாலும் பயனில்லை. அவ்வாறே, ஓர் அமினோ அமிலம் குறைந்தால் ஏனையவை மிகுந்திருந்தும் முழுப்பயன் தாரா. அரிசியில் லைசின் என்பது குறைவு; பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது போதிய அளவு உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டும் என்பதும் இல்லை. ஒரு நாளைக்குள் சேர்ந்தால் போதும்.

வேதியியல் தோன்றுமுன்னரே தமிழர் அடுக்களை இச்சேர்க்கையைக் கண்டிருந்தது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்தது வெண்பொங்கல். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்தது இட்டிலி. கொலுவில் பொம்மைகள் படியேறி நிற்கும் நவராத்திரியின் ஒன்பது நாளும் சுண்டலே படையல். கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு, பாசிப்பயறு எனப் பயறுகளின் அணிவகுப்பு அது. பத்தாம் நாள் அப்பழக்கத்தைப் பரண்மேல் பொம்மைகளோடு ஏற்றிவிடுதல்தான் வியப்பு.

குறை சேர்க்கையில் அன்று, அளவில் உள்ளது. பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்கு நாள்தோறும் ஏறத்தாழ 43 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தது. 300 கிராம் அரிசியில் அவளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 22 கிராம். வீட்டார் பலர்க்கும் பகிரப்படும் நீர்த்த சாம்பாரில் அவள் பங்கிற்கு 15 கிராம் பருப்பு வருமாயின், அதனால் சேர்வது 3 கிராமே. பாதியைச் சற்றே தாண்டினோம். 'நாள்தோறும் சாம்பார் உண்கிறோம்' என்னும் மனநிறைவு எத்துணைப் பொய்யானது! மேலும் 35 கிராம் பயறு, ஒரு கைப்பிடி மல்லாட்டை, ஒரு குவளைத் தயிர் ஆகியவை சேர்ந்தால் 46 கிராம் ஆகிவிடும்.

குன்னூரில் ஆராய்ந்த இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், 1920களில் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்து வளர்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் எடையில் முதல் நின்றன. சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை கடைசியில் நின்றன. ஊன்தான் காரணமோ எனின், அன்று. சீக்கியர் உணவில் ஊன் எப்போதாவது ஒரு முறையே இடம்பெற்றது. முழுக்கோதுமை, பருப்பு, பால், காய்கறி ஆகியவையே நாள்தோறும் இருந்தன. சென்னையார் உணவிலோ சோறே மலைபோல் நின்றது.

சேலத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் சி. கோபாலன், பின்னாளில் ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தலைவராக விளங்கியவர். குழந்தைகளுக்குப் புரதம் மட்டும் தந்தால் போதும் என உலகோர் பேசிய காலத்தில், முதலில் உணவே போதவில்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆற்றல் தரும் உணவு குறையுமாயின் உடல் புரதத்தையே எரித்துவிடும். விறகில்லாத சூளைக்கு வீட்டுக் கதவைப் பிளந்து இடுதல் போன்றது அது.

இனி, விருத்தாசலத்தாரின் கைப்பொருளாகிய மல்லாட்டைக்கு வருவோம். அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு புரதம். ஆயினும் பெரும்பகுதி செக்கிற்கும் ஆலைக்கும் சென்று எண்ணெயாக, எஞ்சிய பிண்ணாக்கு மாட்டுத் தொட்டியை அடைகின்றது. மைசூரில் 1950இல் நிறுவப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், கொழுப்பு நீக்கிய நிலக்கடலை மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் கலந்து, ஊட்டச்சத்துகளும் சேர்த்துப் பல்பயன் உணவு ஒன்றை ஆக்கினர். அக்கலவை நமக்கும் வழிகாட்டுவது. நிலக்கடலையில் லைசின் குறைவாதலின், சோற்றோடு அதை மட்டும் உண்பது போதாது, பயறும் வேண்டும். பூஞ்சை படிந்த கடலையை ஒருகாலும் உண்ணலாகாது. 1960இல் இங்கிலாந்தில் இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டமைக்கு, தீவனத்தில் கலந்த நிலக்கடலையின் பூஞ்சை நஞ்சே காரணமாயிற்று.

பள்ளிப் பிள்ளைகளின் நிலை யாது? 1956இல் காமராசர் காலத்தில் விரிந்த மதிய உணவுத் திட்டம், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 1989இல் அதில் முட்டையும் சேர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரப்படுகின்றது. பழம் நல்லதே, எனினும் முட்டையில் உள்ள புரதம் 6 கிராம், வாழைப்பழத்தில் உள்ளது 1 கிராம். வேகவைத்த பயறு தரும் வழக்கமும் அதே திட்டத்தில் உண்டு. அதன் அளவு 20 கிராம், அதிலுள்ள புரதம் நான்கு கிராமுக்கு மேல். முட்டைக்கு ஈடாக 30 கிராம் பயறு இட்டால் கணக்குச் சரியாகும். பயற்றை முதல் நாளே ஊறவைக்க வேண்டும், வேகவைக்க வேண்டும். பழத்தையோ உரித்தால் போதும். ஆதலின் முட்டை வேண்டாத பிள்ளையின் தட்டில் வாழைப்பழமே வந்து அமர்கின்றது.