பிறை சூடிய பூச்சி

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போயிருக்கிறீர்களோ? துறைமுகச் சந்திப்பில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று வரிசையாக வரும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால், வேலியோரத்தில் ஒதிய மரம் தெரிகிறதா என்று பாருங்கள். 'ஒதி பெருத்தால் உத்தரமாகுமா?' என்று நாம் ஏளனம் செய்கிறோமே, அந்த மரத்தின் தழையைத் தின்று ஓர் அழகி வளர்கிறாள். நிலா அந்துப்பூச்சி என்று பெயர். 'ஆக்டியாஸ் செலீன்' என்பது சாஸ்திரப் பெயர். செலீன் கிரேக்கர்களின் நிலாத் தேவதை.

சிதம்பரத்தில் இரவு தங்குகிறீர்கள். தாழ்வாரத்து விளக்கடியில் உள்ளங்கையகலப் பூச்சி ஒன்று ஒட்டிக் கொண்டிருக்கிறது. உடனே துடைப்பத்தைத் தேடாதீர்கள், அம்மா! ஜவுளிக் கடையில் புடவை பார்ப்பீர்களே, அந்தக் கண்ணோடு பாருங்கள். இளம்பச்சைப் பட்டு; முன்னோரத்தில் மெரூன் கரை; பின் சிறகுகளில் தொங்கும் நீண்ட வால்கள். சிறகுக்கு ஒரு கண், கண்ணுக்குள் பிறை. தில்லைக் கூத்தனுக்கே சடையில் ஒரு பிறைதான், இதற்கு நாலு!

வால் இல்லாமல், செங்கல் நிறமாய், சிறகில் கண்ணாடி பதித்தாற்போல் முக்கோணங்கள் இருந்தால் அது அட்லஸ் அந்துப்பூச்சி. இன்னும் பெரியது, மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுவாசி.

சரி, ஆணா பெண்ணா? நெற்றியிலுள்ள உணர்கொம்புகளைப் பாருங்கள். அகன்ற சீப்புப் போலிருந்தால் ஆண். சீப்பு குறுகி, வயிறு பருத்திருந்தால் பெண். (பிச்சாவரத்துத் தில்லை மரத்திலும் ஆண் வேறு, பெண் வேறு. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. படகில் போகும்போது குழந்தைகளைக் கிளை ஒடிக்க விடாதீர்கள்.)

ஆணுக்கு ஏன் அத்தனை பெரிய சீப்பு? பெண் இருந்த இடத்திலிருந்தே ஒரு வாசனையைக் காற்றில் விடுகிறாள். வெகு தூரத்திலிருந்து அதை மோப்பம் பிடித்து வர வேண்டும். அவகாசமோ குறைவு. புழுவாய் இருந்தபோது தின்றதுதான் சாப்பாடு. சிறகு முளைத்தபின் உண்ண வாயே கிடையாது. ஆயுள் ஒரு வாரம், மிஞ்சினால் சில நாள் கூட. அதற்குள் துணை தேடி, முட்டையிட்டாக வேண்டும்.

நம் விளக்கடியில் மயங்கிக் கிடக்கும் ஒவ்வோர் இரவும் அந்தக் கணக்கில் கழிகிறது. தொட்டுத் தூக்கினால் சிறகின் செதில் கையோடு வந்துவிடும். பார்த்து முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போங்கள்.