மழை தங்காத மலை

மேகாலயா என்னும் சொல்லுக்கு மேகங்களின் உறைவிடம் என்பது பொருள். அம்மாநிலத் தலைநகரான ஷில்லாங்கிலிருந்து ஏறத்தாழ 54 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சிரபுஞ்சி. அங்கு வாழும் காசி இன மக்கள் அதனைச் சோரா என்று வழங்குவர். 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை முடிய 26,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்த இடம் அது. சென்னையில் ஓராண்டுக்குப் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டரே என்பதை எண்ணினால் அதன் அளவு விளங்கும்.

குளிர்காலத்தில் நாம் அங்குச் சென்றிருந்தோம். ஏறத்தாழ 340 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் நோகாலிகை அருவி, நூலென மெலிந்து இறங்கிக் கொண்டிருந்தது. ஊருக்குள்ளோ பெண்மக்கள் குடங்களுடன் தண்ணீரைத் தேடி நடந்தனர். காடுகள் அழிந்தமையால் மேல்மண் அரிக்கப்பட்டு, பெய்யும் மழையெல்லாம் பாறையில் வழிந்து வங்கதேசச் சமவெளிக்கு ஓடிவிடுகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாம் கொணர்ந்த நேர்வழியையும் கல்வியையும் பெருமழைக்கு ஒப்பிட்ட நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் கல்வி பற்றிய பாடத்தில் உள்ளது. ஒரு நிலம் நீரை உண்டு பயிர் தரும். மற்றொன்று நீரைத் தேக்கிப் பிறர்க்கு உதவும். மூன்றாவதோ தேக்குவதுமில்லை, விளைப்பதுமில்லை. இதனைப் பாடஞ்சொல்லும் போது மாணவர் அம்மூன்றாம் நிலத்தை மழை காணாத பாலையாகவே கருதிக்கொள்வர். ஆனால் உவமையில் மழை மூன்று நிலங்களுக்கும் பொது. வேறுபாடு நிலத்தில்தான். சிரபுஞ்சியைக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அருகிலேயே மவ்ஸ்மாய் குகை இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையில் கசியும் நீர், சொட்டுச் சொட்டாக விழுந்து, தன்னுள் கரைந்த சுண்ணத்தை விட்டுச் செல்ல, மேலிருந்து கல்விழுதுகள் தொங்குகின்றன. கீழிருந்து கல்முளைகள் எழுகின்றன. வெளியே பெருமழை நிற்காமல் ஓடிய அதே மலையில், உள்ளே சிறுதுளி தூணாகி நிற்கிறது!

நம் ஊர்களில் ரபீஉல் அவ்வல் வந்தால் பன்னிரு நாள் பயான். ரமளானில் இரவெல்லாம் சொற்பொழிவு. மழைக்குக் குறைவில்லை. மாதம் கழிந்தபின் இல்லங்களில் எஞ்சுவது எவ்வளவு? குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது நபிகளாரின் போதனை. நாள்தோறும் மஃரிபுக்குப் பின் பிள்ளைகளை அருகமர்த்தி, ஓர் ஆயத்தும் அதன் பொருளும் ஓதிக்கொடுக்கும் தாய்தந்தையர், குகையின் அத்துளியைப் போன்றவர்.

வல்ல ரஹ்மான் நம் நெஞ்சங்களை நீர் தாங்கும் நிலமாக்கி அருள்வானாக! ஆமீன்.