நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்

மதுரை அரசரடிப் பக்கம், ஒரு வேப்பமரத்தடியில் கார் ஷெட். தகரத்தில் ‘டிங்கரிங், பெயிண்டிங்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதை ஒட்டினாற்போல இருக்கும் மெக்கானிக்கிடம் என் ஸ்கூட்டரை விட்டிருந்தேன். கிளட்ச் வேலை, மதியம் ஆகும் என்றார்கள். எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

ஷெட் வாசலில் ஒரு வெள்ளை மாருதி 800 நின்றது. உடம்பு பழுதில்லை. கதவுக் கீழ்விளிம்பில்கூடத் துரு இல்லை. ஆனால் முன் பம்பர், கதவுகளில் ஓடும் பீடிங், கண்ணாடிக் கூடு, வைப்பருக்குக் கீழே இருக்கும் பட்டை எல்லாம் நீறு பூத்துக் கிடந்தன. கறுப்பாக வந்த பிளாஸ்டிக் இப்போது அடுப்புச் சாம்பல் நிறம். அதுவும் ஒரே சீராக இல்லை. வலது பக்கம் பரவாயில்லை, இடது பக்கம் அநேகமாக வெள்ளை.

வண்டிக்காரர் எழுபதை நெருங்குபவர். வேட்டி, சட்டைப்பையில் பேனா. சாவியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

“வீடு கிழக்குப் பக்கமா சார்?” என்றார் ஷெட் மாஸ்டர். “வண்டி வடக்கப் பாத்து நிக்குமோ?”

பெரியவர் ஆச்சரியமாகத் தலையாட்டினார். காலை வெயிலை வீடு மறைத்துக்கொள்ளும். மாலை வெயில் முழுக்க இடது பக்கத்தில் விழும். எத்தனை வருடம் எந்தத் திசையில் நின்றது என்பதை அந்த பம்பர் எழுதி வைத்திருந்தது. மாஸ்டர் அதை வாசித்துவிட்டார்.

“பெயிண்ட் அடிச்சிரலாமா?”

“இதுல பெயிண்ட் பிடிக்காது சார். அடியில வேற மருந்து அடிச்சுத்தான் பிடிக்க வைக்கணும். சும்மா அடிச்சா ஆறு மாசத்துல செதில் செதிலா உரியும்.”

“புதுசு வாங்கிட்டா?”

“டூப்ளிகேட் கிடைக்கும். சரியா ஒக்காராது. ஓரத்துல வெரல் நுழையும்.”

1983 டிசம்பரில் முதல் வண்டி சாலைக்கு வந்த மாடல் மாருதி 800. 2014-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இன்று ஓடுகிற ஒவ்வொரு 800-உம் யாரோ ஒருவர் விடாமல் பார்த்துக்கொள்வதால் ஓடுகிறது.

ஷெட் பையன் தண்ணீரைப் பீய்ச்சினான். நனைந்த உடனே பம்பர் கன்னங்கரேலென்று ஆனது. பெரியவர் முகம் மலர்ந்தது. “அடடே, அழுக்குத்தானா!” மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் காய்ந்து மறுபடி சாம்பல் மேலே ஏறி வந்தது. பெரியவர் சாவியை மறு கைக்கு மாற்றினார்.

வீட்டில் அம்மிக்கல்லைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காய்ந்த கல் வெளிறியிருக்கும், நனைந்த கல் கறுத்திருக்கும். பம்பரின் கறுப்பு மேலே பூசியதல்ல. கரித்தூளைப் பிளாஸ்டிக்கோடு கலந்தே வார்க்கிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்தோலில் இருக்கும் பிளாஸ்டிக்கின் நீண்ட இழைகளை வெட்டி வெட்டிப் பொடியாக்குகிறது. அந்தச் சொரசொரப்பில் ஒளி சிதறுவதுதான் நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. நீரோ எண்ணெயோ இடுக்குகளை நிரப்பினால் சிதறல் அடங்கி, உள்ளேயிருக்கும் கறுப்பு தெரியும். காய்ந்ததும் பழைய கதை. தேங்காயெண்ணெய், டீசல், ஷூ பாலிஷ், டயர் பாலிஷ் என்று ஊரில் புழங்கும் வைத்தியமெல்லாம் இந்த நனைப்புத்தான். எண்ணெய்ப்பசையில் தெருப்புழுதி வந்து அப்பிக்கொள்ளும் என்பது கூடுதல் நஷ்டம்.

இந்த வண்டியும் அதையெல்லாம் பார்த்திருந்தது. மாஸ்டர் துணியில் ஸ்பிரிட் தொட்டு ஒரு மூலையைத் துடைத்தார். துணி பழுப்பானது. “டீசல் போட்ருக்காங்க.” அடுத்த மூலையில் வெள்ளைத் திட்டுகள். உடம்புக்குப் போட்ட வேக்ஸ் பம்பரின் சொரசொரப்புக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. பையனிடம் பழைய டூத் பிரஷ்ஷைக் கொடுத்தார். “வட்டமாத் தேயிடா. அவசரமில்ல.”

ஒரு மணி நேரத்துக்கு மேல் அவன் தேய்த்தான். சோப்புத் தண்ணீர், பிரஷ், கழுவல், மறுபடி சோப்புத் தண்ணீர். என்னைக் கேட்டால், வேலை என்பதே இதுதான். முன்னால் பூசியவர்கள் போட்டதை முழுக்க எடுக்காமல் மேலே எது பூசினாலும் அது அழுக்கின் மேல்தான் நிற்கும். பார்க்கச் சலிப்பான வேலை. அவன் சலிக்கவில்லை. எனக்கு அந்தப் பையன் மேல் மரியாதை வந்தது.

நடுவில் ஒரு தடவை ஹீட் கன்னை எடுத்து வந்தான். “அண்ணே, இதுல காட்டுனா உடனே கறுத்துரும்ணே.”

“கறுக்கும். ஒரு எடத்துல ரெண்டு நொடி கூட நின்னா வளைஞ்சும் போயிரும். உள்ள வை.”

பம்பருக்குப் பெரும்பாலும் பயன்படும் பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். ஹீட் கன் ஊதும் காற்றோ அதைவிட மிகவும் சூடு. மேல்தோலை உருக்கிப் பொடியை மூடுவதால்தான் அந்தக் கறுப்பு. அதுவும் நிலைக்காது, மறுபடி வெயில் தின்னும்.

பிறகு மாஸ்டர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முன் நம்பர் பிளேட்டைக் கழற்றினார். நானும் பெஞ்சில் முன்னால் சாய்ந்தேன். பிளேட் இருந்த இடத்தில், சரியாக அதன் அளவுக்கு, ஒரு நீள்சதுரம் கறுப்பாக இருந்தது. வெயில் ஒரு நாள்கூடத் தொடாத கறுப்பு. மினுக்கம் இல்லாமல், மெல்லிய புள்ளித் தடங்களோடு, அச்சிலிருந்து எடுத்த அன்றைக்கு இருந்தபடியே.

பெரியவர் குனிந்து அதை விரலால் தொட்டார். “இப்படித்தான் இருந்துச்சு” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

“இதான் சார் நமக்குக் கணக்கு. இதுக்கு மேல கறுக்கவும் கூடாது, மினுங்கவும் கூடாது.”

வண்டியை மரநிழலுக்குள் தள்ளினார்கள். சூடான பிளாஸ்டிக்கில், கறுப்பை மீட்கப் பூசும் மருந்து திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடுமாம். வெள்ளைப் பெயிண்ட் ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டினான் பையன். மாஸ்டர் ஒரு ஸ்பாஞ்சில் துணியைச் சுற்றி, சின்ன பாட்டிலிலிருந்து சில சொட்டு விட்டு, பம்பரின் நீளவாக்கில் இழுத்தார். மிக மெல்லிசாக. கொஞ்ச நேரம் விட்டு, மிச்சத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தார். இரண்டாவது கை. நடு நடுவே அந்த நீள்சதுரத்தை ஒரு பார்வை. வெளுத்த இடது மூலைக்கு மட்டும் மூன்றாவது கை போட்டார்.

பீடிங்கும் கண்ணாடிக் கூடும் சீக்கிரம் முடிந்தன. இரண்டாவது டீயும் முடிந்து, ஸ்கூட்டர் தயார் என்று குரல் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

டேப்பை உரித்தார்கள். பையன் நம்பர் பிளேட்டைத் துடைத்து, பழைய ஸ்க்ரூக்களையே போட்டு முடுக்கினான். அதற்கு முன்பாகவே அந்த நீள்சதுரம் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியாமல் போயிருந்தது.

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தண்ணி படக்கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை வண்டியத் திருப்பி நிறுத்துங்க சார்.”

“எத்தன நாள் தாங்கும்?”

“ரெண்டு கோடை தாங்கும். அப்புறம் கொண்டாங்க, மறுபடி செஞ்சுக்கலாம்.”

பெரியவர் இப்போதுதான் சாவியைப் போட்டார். முதல் திருகலிலேயே வண்டி உயிர் பிடித்தது.